துயிலிழப்பும் அறிவுத் திறனும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் துயிலிற் கழிக்கின்றான். 60 ஆண்டு வாழ்ந்தான் ஒருவன் 20 ஆண்டு கண்மூடிக் கிடந்தானாவான். இக்கணக்கைக் கேட்ட மாத்திரத்தே, இத்துணைக் காலமும் வீணாயிற்றே என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. மடியின்மை கூறும் அதிகாரத்திலே வள்ளுவரும் கேட்டிற்கு ஏதுவாவனவற்றுள் ஒன்றாகத் துயிலை எண்ணினார். முயற்சியுடையார் பலர் துயிலை வாழ்நாட் கள்வன் எனக் கருதி அதனைச் சுருக்க முயன்றனர். கல்வியுலகிலும் இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. பரீட்சைக் காலத்திலே நள்ளிரவு கடந்தும் அணையாத விளக்கு ஒரு வீட்டில் எரியுமாயின், அவ்வீட்டு மாணவன் ஊரவராற் புகழப்படுகின்றான். பெற்றோர் தேநீர் ஊற்றிக் கொடுத்து அவன் விழிப்புக்குத் துணைசெய்கின்றனர். ஒன்பது மணிக்கே படுக்கைக்குச் செல்பவனோ சோம்பேறி எனப் பெயர் பெறுகின்றான்.

இப்புகழும் இகழும் தக்கனவா? துயிலினின்றும் பறித்தெடுத்த நேரம் கல்வியின் கணக்கிற் சேர்கின்றதா, அன்றி வேறெங்கேனும் செலவாகிவிடுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காணுதற்கு உடற்றொழிலியலாரும் உளநூலாரும் ஏறக்குறைய 130 ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர் கண்ட முடிபுகள் பெரும்பாலும் ஒரு திசையையே சுட்டுகின்றன. துயில் குறைந்தவழி முதலில் தளர்வது, ஒன்றை இடையறாது நோக்கி நிற்கும் அவதான ஆற்றலாகும். அதனோடு, தன் ஆற்றல் தளர்ந்துள்ளது என்பதை உணரும் ஆற்றலும் உடன் தளர்கின்றது. இவ்விரண்டாவது செய்தியே மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் சிறப்பாகக் கருத்திற் கொள்ளத் தக்கது.

துயிலென்பது மூளை தன் தொழிலை நிறுத்தி வாளா கிடக்கும் நிலையென நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மனிய மருத்துவரான ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னர் அக்கருத்து நிலைகுலைந்தது. துயில்வோன் மூளையினின்றும் மின்னலைகள் எழுந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றின் வடிவும் விரைவுமே மாறுகின்றன. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், துயிலின் இடையிடையே மூடிய இமைகளின் கீழ்க் கண்கள் விரைந்து அசையும் காலங்கள் உளவென்பதைக் கண்டு கூறினர். அக்காலங்களில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகவே உரைத்தனர்.

ஓரிரவுத் துயில் ஒரு தன்மையதன்று. மென்றுயில், ஆழ்துயில், கனவுத்துயில் என்பன ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு வட்டமாக மாறி மாறி வருகின்றன. ஓரிரவில் இத்தகைய வட்டங்கள் நான்கோ ஐந்தோ நிகழும். முன்னிரவு வட்டங்களில் ஆழ்துயில் மிகுதி; பின்னிரவு வட்டங்களிற் கனவுத்துயில் மிகுதி. ஆதலின், எட்டு மணி நேரம் துயில வேண்டிய ஒருவன் விடியலில் இரண்டு மணி நேரத்தைக் குறைப்பானாயின், தான் நான்கிலொரு பங்கையே இழந்ததாக எண்ணுவான். ஆயினும், கனவுத்துயிலைப் பொறுத்தமட்டில் அவன் இழப்பது அதனினும் பெரும் பங்காகும்.

விழிப்பையும் துயிலையும் இரு விசைகள் ஆளுகின்றன என்பது 1982ஆம் ஆண்டிற் சூரிச் நகர அறிஞர் போர்பேலி வகுத்த கொள்கை. முதலாவது, துயிலழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தம் ஏறிக்கொண்டே செல்லும். துயிலும்போது அது இறங்கும். மூளைக் கலங்கள் சத்தியைச் செலவிடுகையில் அடினோசின் என்னும் பொருள் பெருகி, விழிப்பைப் பேணும் நரம்புக் கலங்களை மெல்ல மெல்ல அடக்குதல் இவ்வழுத்தத்துக்கு ஒரு காரணமாகும். இரண்டாவது விசை, உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியிலே, கண்ணரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு மேலாக அமைந்த சிறு நரம்புத் திரளொன்று, ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கில் உடலின் வெப்பநிலையையும் ஓமோன்களையும் உயர்த்தியும் தாழ்த்தியும் வருகின்றது. பகலொளி கண்வழியே புகுந்து இக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கின்றது. இருள் கூடும்போது மெலற்றோனின் என்னும் ஓமோன் சுரந்து இரவின் வரவை உடலுக்கு அறிவிக்கின்றது. கலங்களுக்குள்ளே இக்கடிகாரம் இயங்குமாற்றை விளக்கிய மூன்று அமெரிக்க அறிஞருக்கு 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

உடற்கடிகாரம் எளிதில் மனிதன் விருப்பத்துக்கு வளைவதில்லை. மேலே கூறிய கிளைற்மன், 1938ஆம் ஆண்டிலே தம் மாணவர் ஒருவருடன் கென்ரக்கி மாநிலத்து மாமத் குகையினுட் புகுந்து, கதிரவனொளி சிறிதும் எட்டாத இடத்தில் 32 நாட்கள் தங்கினார். ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என வகுத்துக்கொண்டு, அவ்வொழுங்கில் உண்டும் உறங்கியும் பார்த்தனர். இளையவரான மாணவர் புதிய ஒழுங்குக்கு ஒருவாறு இசைந்தார். ஆசிரியரின் உடல் வெப்பமோ பழைய 24 மணி நேர ஒழுங்கிலேயே ஏறி இறங்கியது.

இவ்விரு விசைகளையும் அறிந்தவழி, இரா முழுதும் விழித்த மாணவன் காலையில் அடையும் மயக்கம் விளங்கும். விடியற்கு முந்திய மணிகளில் உடற்கடிகாரம் மிகத் தாழ்ந்திருக்கும், துயிலழுத்தமோ உயர்ந்திருக்கும், அப்போது கண்ணைத் திறந்து வைத்தலே பெரும் போராட்டமாகும். பொழுது புலர்ந்ததும் கடிகாரம் மேலேறத் தொடங்குகின்றது. உடனே மாணவன், களைப்பு நீங்கிற்று, இனித் துயில் வேண்டா என எண்ணிப் பரீட்சை மண்டபத்தை நோக்கி நடக்கின்றான். உண்மையிலே துயிலழுத்தம் சிறிதும் இறங்கவில்லை. கடிகாரத்தின் ஏற்றம் அதனைச் சிறிது நேரம் மறைத்து நிற்கின்றது, அவ்வளவே.

தேநீரும் கோப்பியும் செய்வதும் இத்தகைய மறைப்பேயாகும். அவற்றிலுள்ள கபேயின் என்னும் பொருள், அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களைத் தான் அடைத்துக்கொள்கின்றது. அடினோசின் குறைவதில்லை, அதன் செய்தி மாத்திரம் தடைப்படுகின்றது. கபேயினின் வலி தணிந்ததும் அடக்கி வைக்கப்பட்ட களைப்பு மீண்டும் தோன்றும். அன்றியும், உட்கொண்ட கபேயினிற் பாதி உடலினின்றும் நீங்குதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்கின்றது. மாலை ஆறு மணிக்கு அருந்திய கடுந்தேநீரின் கபேயினிற் பாதியளவு இரவு பதினொரு மணிக்கும் உடலில் நின்று, வரவேண்டிய துயிலையும் கெடுக்கும். தேயிலை விளையும் நாட்டில் வாழ்வோர்க்கு இது நினைவிருத்தத் தக்க செய்தி.

இனி, துயிலை முற்றாகத் தடுத்து நிகழ்த்திய பரிசோதனைகளை நோக்கலாம். 1894ஆம் ஆண்டில் மாரி டி மனசேன் என்னும் ருசிய அம்மையார், நாய்க்குட்டிகளைத் துயிலவொட்டாது தடுத்தபோது அவை சில நாட்களிலேயே இறந்தன என எழுதினார். 1896ஆம் ஆண்டில் ஐயோவா சர்வகலாசாலையிற் பற்றிக், கில்பேட் என்னும் உளநூலார் மூன்று ஆடவரை 90 மணி நேரம் விழித்திருக்கச் செய்து, அவர்தம் ஆற்றல்களை அளந்தனர். தூண்டலுக்கு எதிர்வினை செய்யும் விரைவும் நினைவாற்றலும் குன்றின. ஒருவர் இல்லாத பொருள்களைக் கண்முன்னே கண்டார். எனினும் பார்வைக் கூர்மை குன்றாதிருந்தமையும், இழந்த துயிலில் ஒரு சிறு பங்கையே துயின்று அவர்கள் தேறியமையும் ஆய்வாளருக்கு வியப்பளித்தன.

இவ்வகைப் பரிசோதனைகளுள் மிகப் பெயர் பெற்றது, றண்டி காட்னர் என்னும் 17 வயது அமெரிக்க மாணவர் தம்மேல் நிகழ்த்திக்கொண்டதாகும். சன்டியேகோ நகரிலே, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியின் பொருட்டு, 1963ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியிற் றொடங்கி 1964ஆம் ஆண்டு ஜனவரி வரை 264 மணி நேரம், அஃதாவது 11 நாட்கள், அவர் துயிலாதிருந்தார். ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலை அறிஞர் வில்லியம் டிமென்ற் உடனிருந்து அவரைக் கவனித்தார். கடைசி இரவிலே விளையாட்டுக் கருவியொன்றில் அறிஞரும் மாணவரும் போட்டியிட்டபோது வென்றவர் மாணவரே. பரிசோதனை முடிந்தபின் 14 மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் துயின்று எழுந்த அவர், பெரும்பாலும் பழைய நிலையை அடைந்தார் எனக் கூறப்பட்டது. இதனைக் கேட்டோர் பலர், துயிலின்மையால் வருங் கேடு சிறிதே என முடிவு கட்டினர்.

ஆயின் அப்பரிசோதனையில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. பதினோராம் நாளிலே, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே செல்லுமாறு அவர் கேட்கப்பட்டார். அவர் ஐந்து முறை கழித்து 65 என்னும் எண்ணை அடைந்ததும் நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினீர் என வினவியபோது, தாம் செய்துகொண்டிருந்தது யாதென மறந்துவிட்டதாக விடையிறுத்தார். விளையாட்டில் வென்ற ஒருவர் சிறுவர் செய்யத்தக்க கழித்தலில் தவறியது எங்ஙனம்?

இப்புதிரை விடுவிக்கும் விளக்கம் அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. அமெரிக்கப் படைத்துறையின் வால்ரர் றீட் ஆய்வு நிலையத்திலே வில்லியம்ஸ், லூபின், குட்னவ் என்போர் நிகழ்த்தி 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, துயிலிழந்தவன் ஆற்றல் எப்போதும் ஒரே அளவிற் குறைந்து நிற்பதில்லை எனக் காட்டிற்று. அவன் சில கணங்களில் நன்றாகவே தொழில் செய்கின்றான். இடையிடையே அவனது அவதானம் ஒரு கணம், இரு கணம் அறுந்துபோகின்றது. விழித்திருக்குங் காலம் நீள நீள, இவ்விடையறவுகள் எண்ணிக்கையில் மிகுந்து நீளத்திலும் வளர்கின்றன. தன் விருப்பப்படி மெல்லச் செய்யக்கூடிய தொழிலில், அவன் தாமதித்தேனும் பிழையின்றிச் செய்து முடிக்கின்றான். பிறர் குறிக்கும் வேகத்தில் நிகழும் தொழிலிலோ, இடையறவு நேர்ந்த கணத்தில் வந்த செய்தியை அவன் தவறவிடுகின்றான். சுவையும் போட்டியும் உள்ள குறுந்தொழில் அவனைத் தட்டி எழுப்புகின்றது. சுவையற்ற நெடுந்தொழில் அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. விளையாட்டு முன்னதன் பாற்பட்டது. கழித்தற் கணக்குப் பின்னதன் பாற்பட்டது. வகுப்பறையில் விரிவுரை கேட்டல், நீண்ட வினாப் பத்திரத்தைப் பிழையின்றி வாசித்தல், இரவில் நெடுந்தெருவில் வண்டி ஓட்டுதல் என்பன யாவும் பின்னதன் பாற்பட்டனவே.

இவ்விடையறவு உயிருக்கே ஊறு செய்வதும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வழியை இரவிரவாகக் கடக்கும் பஸ் வண்டிகள் பல. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, மூன்று வினாடியில் 50 மீற்றர் தூரம் ஓடிவிடும். சாரதியின் அவதானம் மூன்று வினாடி அறுமாயின், அந்த 50 மீற்றரும் வண்டி ஓட்டுவாரின்றியே ஓடுகின்றது. 1997ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் டோசன், றீட் என்போர் வெளியிட்ட ஆய்வு இதனை வேறொரு வகையால் அளந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தோரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் கலந்தோரின் திறனை ஒத்திருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தோரின் திறன் 0.1 வீத மதுசாரம் கலந்தோரின் திறனுக்கு இறங்கிற்று. மது அருந்தி வண்டி ஓட்டுவோனைச் சட்டம் தண்டிக்கின்றது. துயிலாது ஓட்டுவோனை உழைப்பாளி என உலகம் பாராட்டுகின்றது.

பெருங்கேடுகள் சிலவற்றின் பின்னணியிலும் துயிலிழப்பு இருந்துள்ளது. 1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எக்ஸன் வால்டஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையருகே பாறையில் மோதிற்று. ஏறத்தாழ நான்கு கோடி லீற்றர் எண்ணெய் கடலிற் கலந்து, அளவிறந்த கடற்பறவைகளும் பிற உயிர்களும் அழிந்தன. அந்நிகழ்ச்சியை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, கப்பலைச் செலுத்திய உத்தியோகத்தரின் களைப்பையும் மிகையான வேலைச் சுமையையும் காரணங்களுள் வைத்துக் கூறியது.

ஓரிரு இரவு முற்றாக விழித்திருத்தல் யாவர்க்கும் அடிக்கடி நேர்வதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகத் துயிலைக் குறைத்தலே பலரும் செய்வது. இதனாற் கேடு உண்டா என்னும் வினாவுக்குத் தெளிவான விடை, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் வான் டொங்கன், டிஞ்சஸ் முதலியோர் நிகழ்த்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விற் கிடைத்தது. நல்லுடல் கொண்ட 48 பேர் அதிற் பங்குபற்றினர். அவருட் சிலர் 14 நாட்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும், சிலர் ஆறு மணி நேரமும், சிலர் நான்கு மணி நேரமும் படுக்கையிற் கழிக்க விடப்பட்டனர்; வேறு சிலர் மூன்று இரவுகள் முற்றாக விழித்திருந்தனர். எட்டு மணி நேரத்தார் பெரும்பாலும் தம் நிலையிற் பிறழவில்லை. மற்றையோரின் அவதானம் நாள்தோறும் படிப்படியாகக் குறைந்துகொண்டே சென்றது. ஆறு மணி நேரத்தார் இரு வாரங்களின் பின், முற்றாகத் துயில் நீத்தவரின் நிலையை அணுகினர். நான்கு மணி நேரத்தாரின் குறைபாடு, இரண்டு இரவு தொடர்ந்து விழித்தோரின் குறைபாட்டை ஒத்திருந்தது.

அவ்வாய்விலே மிக்க கருத்துக்குரிய செய்தி இனிமேற் கூறுவதாகும். துயிலுணர்ச்சி எவ்வளவு உள்ளது எனத் தம்மைத் தாமே மதிப்பிடுமாறு அவர்கள் நாள்தோறும் கேட்கப்பட்டனர். முதற் சில நாட்களில், களைப்பு மிகுந்துள்ளது என்றனர். பின்னர், களைப்பு அவ்வளவில் நின்றுவிட்டதாகக் கருதினர். தாம் பழகிவிட்டதாகவே எண்ணினர் எனலாம். அளவுகருவியோ அவர்கள் நாள்தோறும் மேலும் மேலும் தளர்வதையே காட்டிற்று. பழகிற்று என்னும் உணர்ச்சி, உண்மையிற் பழகியமையால் எழுந்ததன்று. நாள்தோறும் சிறிது மங்கும் விளக்கின் கீழ் இருப்போன், மங்கிய ஒளியையே நல்லொளி என எண்ணுதல் போல்வது அது. “ஐந்து மணித் துயில் எனக்குப் போதும்” என ஒருவன் கூறுவானாயின், அக்கூற்றுக்கு அவனையே சான்றாகக் கொள்ளுதல் சாலாது. தீர்ப்பளிக்க வேண்டிய அறிவே வழக்கிற் சிக்குண்டு கிடக்கின்றது.

மனிதருள் இயல்பாகவே குறைந்த துயிலால் நிறைவெய்துவோர் இல்லையோ எனின், உளர். ஒரு குடும்பத்தாரிடத்தே அத்தகைய இயல்பைத் தரும் பரம்பரை அலகு மாற்றமொன்று 2009ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. ஆயின் அவ்வியல்புடையார் மிக அரியர். தம்மை அவ்வகையினர் எனக் கூறிக்கொள்வோருட் பெரும்பாலார், விடுமுறை நாளிற் பகல் பத்து மணி வரை துயில்வதாற் றம் கூற்றைத் தாமே பொய்யாக்குகின்றனர்.

துயிலிழப்பின் விளைவு மூளையளவில் நிற்பதன்று. சிக்காகோ சர்வகலாசாலையில் ஸ்பீகல், வான் கோட்டர் முதலியோர் 11 இளைஞரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே துயிலச் செய்து ஆராய்ந்தனர். 1999ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, இரத்தத்திலுள்ள குளுக்கோசை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் அவ்விளைஞரிடத்தே குன்றி, முதுமையிற் காணப்படும் நிலையை ஒத்திருந்தது. நீரிழிவு பெருகிவரும் இந்நாளில் இஃது எளிதாகக் கொள்ளத்தக்கதன்று. துயில் குறைந்தபோது பசியைத் தூண்டும் ஓமோன் மிகுந்து, நிறைவை உணர்த்தும் ஓமோன் குறைந்தமையும் பின்னர்க் கண்டறியப்பட்டது. இராக் கண்விழிப்போர் நள்ளிரவில் மாப்பண்டங்களையும் இனிப்பையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நோயெதிர்ப்பு ஆற்றலும் துயிலைச் சார்ந்து நிற்கின்றது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தொடர்ந்து சில இரவுகள் நான்கு மணி நேரமே துயின்றபின் இன்புளுவென்சாத் தடுப்பூசி பெற்றோரின் இரத்தத்தில், பத்து நாட்களின் பின், மற்றையோரிடத்து உண்டானதிற் பாதிக்கும் குறைந்த பிறபொருளெதிரிகளே காணப்பட்டன. 2009ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 153 பேரின் மூக்கிலே தடிமன் உண்டாக்கும் கிருமிகள் துளியாக இடப்பட்டன. ஏழு மணி நேரத்துக்குக் குறையத் துயின்று வந்தோருக்கு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ துயின்றோரிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு எளிதில் தடிமன் பற்றிற்று. பரீட்சை நாளிற் காய்ச்சலும் தடிமனும் வந்து மாணவரை வருத்துதல் விதியின் செயலென்றே கூறப்படுவதுண்டு. அவ்விதியில் ஒரு பகுதியை முன்னிரவுகளிற் றாமே எழுதிக்கொண்டனர் ஆகலாம். இளம்பருவத்து வளர்ச்சி ஓமோன் பெரும்பாலும் முன்னிரவின் ஆழ்துயிலிலேயே சுரக்கின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

துயில் முற்றாக மறுக்கப்படுமாயின் உயிரே நீங்கும் என்பதை, சிக்காகோவிலே றெக்ற்ஷாபன் 1980களில் எலிகளை வைத்து நிகழ்த்திய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அவ்வெலிகள் வழக்கத்தினும் மிகுதியாக உண்டும் மெலிந்தன. சில வாரங்களுக்குள் யாவும் இறந்தன. துயில் உயிர்க்கு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இவையனைத்தும் உண்மையாயினும், கற்றவற்றை நினைவிற் கொள்ளுதற்கு விழிப்பன்றோ வேண்டும் என மாணவர் வினவலாம். அவ்வினாவுக்கு 1924ஆம் ஆண்டிலேயே விடை கூறப்பட்டது. கோர்ணெல் சர்வகலாசாலையில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர், பொருளற்ற அசைகளை இரு மாணவருக்கு மனனஞ் செய்வித்தனர். சில வேளை மனனஞ் செய்தபின் அவர்களைத் துயிலவிட்டனர். சில வேளை வழக்கமான அலுவல்களில் ஈடுபட விட்டனர். எட்டு மணி நேரத்தின் பின் சோதித்தபோது, துயின்றெழுந்தவர் பாதியளவை நினைவுகூர்ந்தனர். விழித்திருந்தபோது எஞ்சியதோ பத்தில் ஒன்றளவே. துயில் பிற எண்ணங்களின் குறுக்கீட்டைத் தடுத்தமையே இதற்குக் காரணமென அன்று கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதனினும் ஆழமான காரணத்தைக் காட்டின. பகலிற் கற்றவை முதலில் மூளையின் உட்புறத்தேயுள்ள கடற்குதிரை வடிவான பகுதியிற் றங்குகின்றன. ஆழ்துயிலின்போது அவை மீட்டும் மீட்டும் இயக்கப்பட்டு, மூளையின் மேற்பட்டையில் நிலைபெறுகின்றன. எனவே மாணவன் துயிலும்போதும் அவன் பாடம் நடைபெற்றுக்கொண்டேயிருக்கின்றது எனல் பொருந்தும்.

கற்றபின் துயில் வேண்டுவது போலவே, கற்குமுன்னும் துயில் வேண்டும். ஓரிரவு விழித்தோர் மறுநாட் புதியவற்றைக் கற்க முயன்றபோது, மேற்கூறிய மூளைப் பகுதி தன் தொழிலைக் குறைவாகவே செய்தது என 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே இரா விழித்துப் படிப்பவன் இரு வழியாலும் இழக்கின்றான்: முன்னாட் கற்றது நிலைபெறாது கழிகின்றது, மறுநாட் கற்பது உள்ளே புகாது நிற்கின்றது. புத்தகத்தின் முன் அவன் இருந்த நேரம் மிகுந்தது உண்மையே. எண்ண வேண்டியது இருந்த நேரத்தையன்று, எஞ்சிய கல்வியை.

இத்துணையும் அறிந்தபின்னரும் குற்றம் முழுவதையும் மாணவர் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. பருவமெய்திய இளைஞரின் உடற்கடிகாரம் சிறுவரதும் முதியோரதும் கடிகாரத்திலும் பிந்தி ஓடுகின்றது. மேரி காஸ்கடன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும், இளைஞரிடத்தே இரவில் மெலற்றோனின் பிந்தியே சுரக்கத் தொடங்குகின்றது எனக் காட்டினர். ஆதலின், முன்னிரவில் அவர்க்குத் துயில் வாராமை சோம்பலுமன்று, அடங்காமையுமன்று. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதற் பத்து மணி நேரத் துயில் வேண்டுமென அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் வகுத்தது. இடைநிலைப் பாடசாலைகள் காலை எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாது என அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகம் 2014ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. இலங்கையிலோ, காலை ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்குகின்றது. அதற்கு முன்னரும், மாலையில் அது முடிந்த பின்னரும் தனியார் வகுப்புகள் உள. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுவானாயின், எட்டு மணி நேரக் கணக்கின்படி நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும், இரு வாரத்தில் 42 மணி நேரமும் இழக்கின்றான். இவ்விழப்பை உண்டாக்குவதிற் கால அட்டவணை வகுப்போர்க்கும் வகுப்பு நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் பங்குண்டு.

தம் விருப்பாலன்றிக் கடமையாற் றுயிலிழப்போரும் உளர். இரவுக் கடமையிலுள்ள தாதியர், கடலிற் றங்கும் மீன்பிடிப்போர், கைக்குழந்தையுடைய தாய்மார் என்போர் இவ்வினத்தார். இவர்க்குத் துயிலின் பெருமையை எடுத்துரைத்தலினும், பகலிலேனும் இடையூறின்றித் துயிலும் வாய்ப்பை வீட்டாரும் நிறுவனங்களும் அளித்தலே தக்க உதவியாகும்.

செயலளவில் இவ்வாராய்ச்சிகள் கூறும் அறிவுரை கடினமானதன்று. விடுமுறை நாளிலும் பிறழாது, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் இயன்றவரை ஒரே ஒழுங்கிற் பேணுதல் வேண்டும். காலை வெயிலிற் சிறிது நடத்தல் உடற்கடிகாரத்தைத் திருத்தும். இரவில் மின்விளக்கின் மிகையொளியும் கைத்தொலைபேசித் திரையின் ஒளியும் மெலற்றோனினைத் தாமதிக்கச் செய்யுமாதலின், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னரே அவற்றைக் குறைத்தல் நன்று. பிற்பகலின் பின் தேநீரும் கோப்பியும் வேண்டா. நண்பகலின் பின் அவதானம் இயல்பாகவே சிறிது தாழும். அவ்வேளையில் அரைமணிக்கு மேற்படாத சிறுதுயில் பயன் தரும். நெடுந்தூர விமானம் ஓட்டுவோர் இடைவழியில் முறைவைத்துச் சிறுதுயில் கொண்டபோது, ஏறத்தாழ 26 நிமிடத் துயிலே அவர்தம் அவதானத்தை உயர்த்தியது என அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வொன்று காட்டியுள்ளது. இவையாவற்றினும் முதன்மையானது, பாடத்தைப் பல வாரங்களுக்குப் பகிர்ந்து வைத்துப் படித்தலாகும். பரீட்சைக்கு முந்திய இரவு, கற்றதைத் துயிலிடம் ஒப்படைக்க வேண்டிய இரவு.

துயில் இருவகைத்து. கடமையை மறந்து பகலும் இரவும் கிடத்தல் ஒன்று. கடமையைச் செவ்வனே செய்யுமாறு உடலையும் அறிவையும் புதுப்பித்தல் மற்றொன்று. வள்ளுவர் கடிந்தது மடியோடு கூடிய முன்னையதையே என்பது, அவர் அதனை வைத்துப் பாடிய இடத்தால் விளங்கும். பழைய மருத்துவ நூலாகிய சரகசங்கிதை, உணவு, துயில், பிரமசரியம் என்னும் மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத்தூண்களாக வகுத்தது. உணவைக் குறைத்துப் படிக்குமாறு எப்பெற்றோரும் பிள்ளைக்குக் கூறார். துயிலைக் குறைக்குமாறு மட்டும் கூறுவது, அத்தூணின் முறிவு உடனே கண்ணுக்குத் தோன்றாமையாலேயாம். முறிவைக் காண வேண்டிய கண்ணும் அதனால் மங்கிவிடுகின்றது. நள்ளிரவு கடந்து எரியும் விளக்கைக் காணும்போது, அம்மாணவனின் விடாமுயற்சியைப் போற்றுதல் தகும். அதனோடு, அவ்விளக்கை அணைத்துவிட்டு அவனைத் துயிலுமாறு கூறுதலும் அவன் கல்விக்குச் செய்யும் துணையேயாகும்.